பின்னணிச் செயலிகளின் பரிபாலனம்

வீட்டிலோ அலுவலகத்திலோ ஒருவர் தம் கணினியை இயக்கிவிட்டு, ஒரு சாளரத்தையும் திறவாமல், ஒரு விசையையும் தட்டாமல், வெறுமனே அதன் முன் பத்து நிமிஷம் அமர்ந்திருந்தாலும், அந்த யந்திரம் அவரைப்போலச் சும்மா இருப்பதில்லை. வைரஸ் தடுப்பு மென்பொருள் கோப்புகளைப் பரிசோதித்துக்கொண்டிருக்கும். கோப்புத் தேடலுக்கு வேண்டிய அட்டவணை ஒருபுறம் தயாராகும். மேகச் சேமிப்புக்குரிய செயலி தொலைதூரத்துச் சர்வரோடு கணக்கு ஒத்துப்பார்க்கும். என்றோ வாங்கிய அச்சுப்பொறியின் மென்பொருள், தனக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கும். இவ்வாறு கண்ணுக்குப் புலப்படும் சாளரம் இன்றியும், சாளரம் மூடப்பட்ட பின்னரும், தொடர்ந்து இயங்குபவற்றையே பின்னணிச் செயலிகள் என்று வழங்குகிறோம்.

இவற்றைக் குறித்து இருவகை அபிப்பிராயங்கள் நெடுங்காலமாக நிலவிவருகின்றன. இயன்றவரை எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதே கணினியின் ஆரோக்கியத்துக்கு உகந்தது என்பது ஒன்று. யந்திரத்தின் நிர்வாகத்தை யந்திரத்திடமே விட்டுவிட்டு நாம் கை வைக்காதிருப்பதே விவேகம் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டும் செலவுக் கணக்கோடு நின்றுவிடுகின்றன. இந்தப் பிரச்சினையின் சரித்திரத்தைச் சற்றே பொறுமையாகப் பின்தொடர்ந்து பார்ப்பவருக்கு, செலவைக் காட்டிலும் ஆழமான கேள்வி ஒன்று, அதாவது இச்செயலிகள் யாருடைய சம்மதத்தின் பேரில் ஓடுகின்றன என்பது, ஆதிமுதல் தீராமலே இருந்துவருவது புலப்படும்.

ஏவலும் அடக்கமும்

1961ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்படோ என்பவரும் அவருடைய குழுவினரும், ஒரே கணினியைப் பலர் ஏககாலத்தில் பகிர்ந்துகொள்ளும் காலப்பகிர்வு முறையைச் செய்து காட்டினார்கள். தட்டச்சுப் பலகையின் முன் அமர்ந்திருப்பவர்களின் வேலை முன்னணியிலும், அவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும் இடைவேளையில் மற்ற பெருங்கணக்குகள் பின்னணியிலும் நடக்கும் ஏற்பாடு அது. முன்னணி, பின்னணி என்ற பாகுபாடு அக்காலத்திலேயே வேரூன்றிவிட்டது. 1963 வாக்கில் அதே குழுவினர், எவரும் அழைக்காமலே தன் போக்கில் வேலை செய்யும் நிரலுக்குப் பூதம் என்று பொருள்படும் ‘டீமன்’ என்ற பெயரைச் சூட்டினார்கள். வெப்பவியலை விளக்குவதற்காக ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் கற்பனை செய்த, ஓயாமல் மூலக்கூறுகளைப் பிரித்துக்கொண்டே இருக்கும் குட்டிப்பூதமே அப்பெயருக்கு ஆதாரம். கோப்புகளைத் தானாகவே நாடாவில் பிரதி எடுத்து வைத்த நிரல்தான் முதல் டீமன் என்று கார்படோ பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

பூதத்தை ஏவி வேலை வாங்கும் கதைகள் நம் பாட்டிமார் சொல்லக் கேட்டவை. ஏவுகிற மந்திரத்தை மட்டும் கற்று, அடக்குகிற மந்திரத்தைக் கற்காமல் விட்டவன் படும் பாடே அக்கதைகளின் சாரம். அவ்விரண்டாவது மந்திரத்தின் அவசியத்தைக் கணினியுலகம் அனுபவத்தில் கற்றது. கலிபோர்னியாவிலுள்ள ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ஜான் ஷாக், ஜான் ஹப் என்ற இருவர், இரவில் சும்மா கிடக்கும் யந்திரங்களைத் தேடிச் சென்று அவற்றில் குடியேறி வேலை செய்யும் ஒரு நிரலை அமைத்தனர். அதற்குப் ‘புழு’ என்று பெயரிட்டனர். ஒருநாள் இரவு அதன் பிரதி ஒன்று பழுதுபட்டுப் பரவியதால், மறுநாள் காலையில் வந்தவர்கள் கட்டடம் முழுவதும் சுமார் 100 கணினிகள் செயலிழந்து கிடப்பதைக் கண்டார்கள். எழுப்பிய கணினிகளும் மீண்டும் மீண்டும் விழுந்தன. நல்ல வேளையாக, புழு முழுவதையும் ஒரே கட்டளையால் நிறுத்தும் ஏற்பாட்டை அவர்கள் முன்கூட்டியே அதற்குள் வைத்திருந்தார்கள். 1982இல் வெளியான கட்டுரையில் இதை அவர்களே ஒளிவின்றி விவரித்திருக்கிறார்கள்.

இதற்கிடையே 1969இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸ், பின்னணி வேலையை எவரும் கையாளத்தக்க எளிய கருவியாக்கிற்று. கட்டளையின் இறுதியில் ஓர் ‘உம்’மைக் குறியைச் சேர்த்தால் அது பின்னணிக்குப் போய்விடும். அதன் முன்னுரிமையைக் குறைக்க வேண்டுமானால் ‘நைஸ்’ என்ற கட்டளை உண்டு; பிறருக்கு விட்டுக்கொடுக்கும் நற்குணத்துக்கே ஓர் எண் கொடுத்து, பிற்கால முறைகளில் மைனஸ் 20 முதல் 19 வரை அளக்கும் அந்த ஏற்பாட்டில், எண் ஏற ஏற நிரலின் பணிவும் ஏறும். ஏவியவர் அறிந்தே ஏவினார். வேண்டியபோது நிறுத்தவும் அறிந்திருந்தார்.

சொந்தக் கணினிகளின் உலகத்தில் கதை வேறு விதமாகப் போயிற்று. 1981இல் வந்த எம்எஸ்-டாஸ், ஒரு சமயத்தில் ஒரு நிரலையே நடத்தவல்லது. எனினும், ஒரு நிரல் தான் முடிந்துவிட்டதாக அறிவித்துவிட்டு நினைவகத்தில் தங்கிவிடுவதற்கு அதில் ஒரு வழி இருந்தது. 1984இல் போர்லாண்ட் நிறுவனம் வெளியிட்ட சைட்கிக் இவ்வழியைப் பிரசித்தமாக்கியது. எந்த வேலையின் நடுவிலும் குறித்த விசைகளை அழுத்தினால் குறிப்பேடும் கணக்கிடும் பொறியும் நாட்காட்டியும் திரையில் தோன்றும். சௌகரியம் பெரிது, ஆனால் இவ்வாறு தங்கும் ஒவ்வொன்றும் 640 கிலோபைட் என்ற சிறு வரம்புக்குள்ளிருந்தே தன் பங்கை எடுத்துக்கொண்டது, ஒரே விசையை இரண்டு நிரல்கள் உரிமை கொண்டாடியபோது யந்திரமே ஸ்தம்பித்தது. துவக்கக் கோப்பின் வரிகளைக் கையால் திருத்தி, எது முதலில் ஏற வேண்டும், எது ஏறவே கூடாது என்று நிச்சயிக்கும் வித்தையை அந்நாளைய கணினிப் பிரியர்கள் பயின்றார்கள். பின்னணிச் செயலிகளை உடையவரே பரிபாலித்த முதல் யுகம் அது. சிரமமானதாயினும், தானாக எழுபவை பெரும்பாலும் ஒரே கோப்பில் எழுதியிருந்ததால் ஒளிவுமறைவு அதிகமில்லாத யுகமுங்கூட.

1990இல் வந்த விண்டோஸ் 3.0 பல நிரல்களை ஒருங்கே நடத்தினாலும், ஒவ்வொரு நிரலும் தானாக இடம்விட்டால்தான் மற்றது நகர முடியும். ஒன்று முரண்டு பிடித்தால் எல்லாம் நின்றன. 1993இல் விண்டோஸ் என்டியும் 1995இல் விண்டோஸ் 95உம் அவ்வதிகாரத்தைப் புதிய நிரல்களிடமிருந்து பிடுங்கி இயங்குதளத்திடம் ஒப்படைத்தன. அதே விண்டோஸ் 95, திரையின் கீழ்மூலையில் கடிகாரத்தின் அருகே சிற்றுருவங்கள் வரிசையாக நிற்கும் ஓரிடத்தையும் கொண்டுவந்தது. அது ஓர் அறிவிப்புப் பலகையாகவே உத்தேசிக்கப்பட்டது. விரைவில், ஒவ்வொரு நிறுவனமும் தன் செயலிக்கு நிரந்தர ஆசனம் போடும் திண்ணையாயிற்று.

தமிழருக்கு அந்தத் திண்ணை முற்றிலும் வேண்டாத விருந்தினரின் இடமாக இருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கணினியில் தமிழ் எழுதுவதற்கு இ-கலப்பையையும் முரசு அஞ்சலையும் என்எச்எம் ரைட்டரையும் நாடியவர்கள், அவை பின்னணியில் காத்திருந்து ஒவ்வொரு விசைத்தட்டலையும் தமிழெழுத்தாக மாற்றித் தந்ததனால்தான் எழுத முடிந்தது. கணினி வேகம் பெறட்டும் என்று துவக்கப் பட்டியல் முழுவதையும் துடைத்தெறிந்த ஒருவர், மறுநாள் ‘அ’ என்ற எழுத்தைக்கூட அடிக்க இயலாமல் திகைத்திருப்பார். பின்னணியில் ஓடுவதெல்லாம் பாரம் என்ற பொது விதி எவ்வளவு குறையுடையது என்பதற்கு வேறு திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

செலவுக் கணக்கு

பின்னணிச் செயலி எதைச் செலவழிக்கிறது? ப்ராசஸரின் நேரம், நினைவகம், வட்டின் உழைப்பு, இணையத் தொடர்பு, மடிக்கணினியானால் பேட்டரி எனச் செலவு ஐவகைப்படும். இவற்றுள் மிகுதியும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது நினைவகம்.

நினைவகத்தில் முக்கால் பங்கு நிரம்பியிருப்பதைக் கண்டு கலங்குவோர் பலர். சும்மா கிடக்கும் நினைவகத்தால் எவருக்கும் பிரயோஜனமில்லை. லினக்ஸ் தான் படித்த கோப்புகளை மறுபடி வேண்டியிருக்கும் என்று அங்கேயே வைத்துக்கொள்கிறது. விண்டோஸும் விஸ்டா காலந்தொட்டு, அடிக்கடி திறக்கும் செயலிகளின் பகுதிகளை முன்கூட்டியே ஏற்றி வைத்துக்கொள்கிறது. வேறு தேவை வந்தவுடன் அவ்விடம் காலிசெய்து தரப்படும். ஆகவே நினைவகத்தை ‘விடுவித்து’த் தருவதாக விளம்பரப்படுத்தப்படும் மென்பொருள்கள், பயனுள்ள சரக்கை வெளியேற்றிவிட்டு, அதையே மறுபடியும் வட்டிலிருந்து சுமந்து வரும் வேலையைத்தான் பெரும்பாலும் உண்டாக்குகின்றன.

உண்மையான அபாயம், ஒரே சமயத்தில் உயிர்ப்போடு வேலை செய்யும் நிரல்களின் தேவை நினைவகத்தின் கொள்ளளவை மீறும்போது வருகிறது. ஒரே அறையில் ஒண்டுக்குடித்தனம் நடத்துபவர்கள், படுக்க வேண்டுமானால் பாத்திரங்களை வெளியே வைத்துப் பாயை விரிப்பதும், சமைக்க வேண்டுமானால் பாயைச் சுருட்டி வைத்துப் பாத்திரங்களை உள்ளே கொண்டுவருவதுமாக இருப்பார்கள். அந்த மாற்றல் வேலையே நாள் முழுவதையும் தின்றுவிடும் நிலையைக் கணினி அடையுங்கால், அது தன் காரியத்தை விட்டு, தகவல்களை வட்டுக்கும் நினைவகத்துக்குமாக ஏற்றி இறக்குவதிலேயே பொழுதைக் கழிக்கும். இந்நோயின் காரணத்தையும் பரிகாரத்தையும் பீட்டர் டென்னிங் 1968ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து எழுதினார். ஒவ்வொரு நிரலுக்கும் அந்தந்த வேளையில் இன்றியமையாத பகுதி எது என்று அறிந்து, அவ்வளவுக்கும் இடமிருந்தால் மட்டுமே அதை ஓடவிட வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம்.

வட்டைப் பற்றிய பழைய எச்சரிக்கைகளையும் இக்கண்ணோடே மறுபரிசீலனை செய்ய வேண்டும். நிமிஷத்துக்கு 7,200 முறை சுழலும் வன்தட்டு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8 மில்லிவிநாடி எடுத்துக்கொள்ளும். கணினி விழித்தெழும் நேரத்தில் பத்துச் செயலிகள் தத்தம் கோப்புகளுக்காக ஏககாலத்தில் கை நீட்டினால், அதன் முள் இங்கும் அங்கும் அலைந்தே களைத்துப்போகும். துவக்கச் செயலிகளைக் குறையுங்கள் என்ற உபதேசம் பிறந்தது அந்த வன்தட்டுக் காலத்தில்தான். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வந்தபின் இக்காரணம் வெகுவாகத் தளர்ந்துவிட்டது. உபதேசம் மட்டும் பழைய வேகத்தோடு தொடர்கிறது.

இதற்கு நேர்மாறாக, முன்பு எவரும் பொருட்படுத்தாத ஒரு செலவு இப்போது முக்கியமாகியிருக்கிறது. இன்றைய ப்ராசஸர், வேலை இல்லாத இடைவெளிகளில் ஆழ்ந்து உறங்கியே மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது. சில கிலோபைட் மட்டுமே கொள்ளும் அற்ப நிரல் ஒன்று, ஒன்றுமில்லாத காரணத்துக்காக விநாடிக்கு நூறு தடவை அதை எழுப்பினால், பெரிய செயலியைக் காட்டிலும் அதுவே பேட்டரிக்குப் பகையாகும். 2007இல் இன்டெல் நிறுவனம் லினக்ஸுக்காக வெளியிட்ட பவர்டாப் என்ற கருவி, எந்த நிரல் எத்தனை முறை ப்ராசஸரை எழுப்புகிறது என்று வரிசைப்படுத்திக் காட்டியபோது, இக்குற்றவாளிகள் முதன்முறையாக வெளிச்சத்துக்கு வந்தார்கள். மறுபுறத்தில், 2013இல் தோன்றிய எலக்ட்ரான் என்ற அடித்தளத்தின் மேல் எழுப்பிய செயலிகள் ஒவ்வொன்றும் ஒரு முழு உலாவியையே தன் வயிற்றில் சுமந்து வருவதால், எளிய அரட்டைச் செயலிகூட நூற்றுக்கணக்கான மெகாபைட்டைப் பிடித்துக்கொள்வது சகஜமாகிவிட்டது.

இயங்குதளங்களின் பரிகாரங்கள்

இச்செலவுகளைக் கட்டுப்படுத்த இயங்குதளங்கள் கையாண்ட உபாயங்களை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, வேண்டும்போது மட்டும் எழுப்புவது. எந்நேரமும் ஒரு சேவகனை வாசலில் நிறுத்தி வைப்பதைவிட, கதவு தட்டப்படும்போது அழைத்துக்கொள்வது சிக்கனம். ஆப்பிள் 2005இல் கொண்டுவந்த லாஞ்ச்டியும், லினக்ஸில் 2010இல் தோன்றிய சிஸ்டம்டியும் இக்கொள்கையை விரிவாகக் கையாளுகின்றன.

இரண்டாவது, ஓடுவதை மெதுவாக்குவது. 2013இல் வந்த மேக் ஓஎஸ் மேவரிக்ஸ், மற்றச் சாளரங்களால் மறைக்கப்பட்டு, ஒலியும் எழுப்பாமல் கிடக்கும் செயலியை ‘ஆப் நேப்’ என்ற ஏற்பாட்டால் அரைத்தூக்கத்தில் ஆழ்த்தியது. 2017இல் விண்டோஸ் 10, பின்னணி வேலைகளை ப்ராசஸரின் சிக்கனமான வேகத்துக்கு இறக்கிற்று. உலாவிகளும் நெடுநேரம் பாராத பக்கங்களை உறங்கவைக்கப் பழகிவிட்டன. விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே, புதுப்பிப்புகளை இறக்கும் சேவை, உடையவர் பயன்படுத்தாமல் எஞ்சும் இணைய வேகத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும்படி அமைந்திருக்கிறது.

மூன்றாவது, உடையவருக்குக் காட்டுவது. டேவ் பிளம்மர் எழுதி 1996இல் விண்டோஸ் என்டி 4.0உடன் வந்த டாஸ்க் மேனேஜர் இவ்வகையில் ஒரு திருப்பம். ஓடுவது எது, அது எவ்வளவு தின்கிறது என்பதைச் சாதாரண மனிதரும் பார்க்க முடிந்தது. 2012இல் விண்டோஸ் 8, துவக்கத்தில் எழும் செயலிகளின் பட்டியலையும் அதில் சேர்த்து, ஒவ்வொன்றின் பாதிப்பையும் அளந்து சொல்லிற்று. துவக்கத்தின்போது ஒரு விநாடிக்கு மேல் ப்ராசஸர் நேரத்தையோ 3 மெகாபைட்டுக்கு மேல் வட்டின் உழைப்பையோ எடுத்துக்கொள்வது அதன் கணக்கில் ‘அதிகம்’. 2022இல் மேக் ஓஎஸ் வென்சுரா, ஏதேனும் ஒரு செயலி பின்னணியில் தன்னைப் பதிவு செய்துகொண்டால் உடனே அறிவிக்கத் தொடங்கியது. 2023இல் வந்த க்னோம் 44, சாளரமின்றி ஓடும் செயலிகளைத் தன் விரைவு அமைப்புப் பலகையிலேயே காட்டியது.

முதல் இரண்டு உபாயங்களும் செலவைப் பெருமளவுக்குத் தீர்த்துவிட்டன என்றே சொல்லலாம். மூன்றாவதுதான் இன்னும் அரைகுறையாக நிற்கிறது. விண்டோஸ் 10இல் பின்னணிச் செயலிகளை நிறுத்துவதற்கென்றே வைத்திருந்த பொத்தான், மைக்ரோசாப்டின் கடையிலிருந்து வந்தவற்றை மட்டுமே கட்டுப்படுத்தியது. பழைய மரபில் வந்த பெரும்பான்மைச் செயலிகளை அது தீண்டவில்லை. டாஸ்க் மேனேஜரின் துவக்கப் பட்டியலும் முழுமையானதன்று. சேவைகளாகவும், நேரம் குறித்து எழும் பணிகளாகவும் பதிந்துகொண்டவை அதில் தென்படுவதில்லை. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் உருவாக்கி, 2006இல் மைக்ரோசாப்டின் உடைமையாகிவிட்ட ஆட்டோரன்ஸ் என்ற கருவியைத் திறந்து பார்ப்பவர், ஒரு செயலி கணினிக்குள் நுழைந்து தங்குவதற்கு எத்தனை வாசல்கள் உண்டு என்பதைக் கண்டு திடுக்கிடவே செய்வார்.

சம்மதம் என்ற கேள்வி

அதே ருசினோவிச்தான் 2005 அக்டோபர் 31ஆம் நாள், சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் இசைத்தட்டு ஒன்று தம் கணினியில் செய்திருந்த காரியத்தை உலகுக்கு அறிவித்தார். பாட்டுக் கேட்பதற்காக இட்ட தட்டு, நகலெடுப்பதைத் தடுக்கும் ஒரு நிரலை உள்ளே அமர்த்தி, அது டாஸ்க் மேனேஜரிலும் கோப்புப் பட்டியலிலும் தெரியாதபடி இயங்குதளத்தையே திரித்திருந்தது. பாட்டு ஓடாத நேரத்திலும் அது ஓடியது; அதை நீக்க முயன்றால் குறுந்தட்டு இயக்கியே காணாமற்போகும்படி அமைத்திருந்தார்கள். எழுந்த கண்டனத்தின் பின் அடுத்த மாதமே அத்தட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. அந்நிரல் தின்ற ப்ராசஸர் நேரம் சொற்பம். அதைக் கண்டு எவரும் கொதிக்கவில்லை. தம் சொந்த யந்திரத்தில் தமக்குத் தெரியாமல், தமக்கு எதிராகவே ஒன்று ஓடியது என்பதுதான் கொதிப்புக்குக் காரணம்.

இதற்கு எதிர்முகமான ஓர் உதாரணமும் உண்டு. பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 1999 மே மாதம் தொடங்கிய செட்டி@ஹோம் என்ற திட்டத்தில், வேற்றுலக அறிவுயிர்களின் சமிக்ஞையைத் தேடும் கணக்குகளுக்காக, லட்சக்கணக்கான மக்கள் தம் கணினியின் ஓய்வு நேரம் முழுவதையும் மனமுவந்து தானம் செய்தார்கள். 2020 மார்ச்சில் கணக்குகளை அனுப்புவது நிற்கும்வரை, 20 ஆண்டுகளுக்கு மேல் அத்தானம் தொடர்ந்தது. ப்ராசஸரை அதைப்போல முழுமையாக உறிஞ்சிய பின்னணிச் செயலி வேறொன்றைக் காண்பது அரிது. ஆயினும் அதை உபத்திரவம் என்று சொன்னவர் எவர்? இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, மெகாபைட்டையும் சதவிகிதத்தையும் கொண்டு நன்மை தீமையை நிர்ணயிப்பது எவ்வளவு போதாதது என்பது பிரத்தியட்சமாகிறது.

உடையவர் செய்யத்தக்கது

ஆகவே, சாதாரணமாகக் கணினியைப் பயன்படுத்துபவர் செய்ய வேண்டிய முதற்காரியம் நிறுத்துவதன்று, பார்ப்பது. ஒரு வார காலம் நாள்தோறும் ஓரிரு நிமிஷம் டாஸ்க் மேனேஜரையோ, மேக்கின் ஆக்டிவிட்டி மானிட்டரையோ, லினக்ஸின் சிஸ்டம் மானிட்டரையோ திறந்து வைத்துக்கொண்டு, எதுவும் செய்யாதிருக்கும்போது உழைப்பவை எவை என்று குறித்துக்கொள்வது நலம். பெயர் புரியாததைக் கண்டவுடன் நிறுத்திவிடக் கூடாது. இயங்குதளத்துக்கே உரிய சேவைகளும், ஒலிக்கும் திரைக்கும் விசைப்பலகைக்குமான துணை நிரல்களும், பாதுகாப்பு மென்பொருளும் விளங்காத பெயர்களோடுதான் உலவுகின்றன. அவற்றைத் தொடாதிருப்பதே ஜாக்கிரதை.

எஞ்சியவற்றுள், நாமே விரும்பி வைத்தவை, எப்போதோ வேறொன்றுக்காக நிறுவியபோது கூடவே ஒட்டிக்கொண்டவை என்ற பாகுபாடு எளிதில் தெரிந்துவிடும். மேகச் சேமிப்பு முதல் வகை. அதை நிறுத்தினால் கோப்புகளின் பிரதி அன்றோடு நின்றுவிடும் என்பதை அறிந்தே நிறுத்த வேண்டும். விளையாட்டுக் கடைகளும், அச்சுப்பொறிக்காரரின் புதுப்பிப்பு நிரலும், ஆண்டுக்கொருமுறை திறக்கும் கூட்டச் செயலியும் இரண்டாம் வகை. அவற்றைத் துவக்கப் பட்டியலில் முடக்கிவிட்டு, வேண்டும்போது கையால் திறந்துகொள்வதில் நஷ்டமொன்றுமில்லை. டாஸ்க் மேனேஜரில் ஒன்றை முடித்துவைப்பது அன்றைக்கு மட்டுமான தீர்வு. மறுநாள் அது மீண்டும் எழும். சாளரத்தின் மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தியபின்னும் கடிகாரத்தின் அருகே போய் ஒதுங்கிக்கொள்ளும் செயலிகளுக்கு, அவற்றின் அமைப்புகளுக்குள்ளேயே புகுந்து அவ்வழக்கத்தை நிறுத்த வேண்டும். புதுப்பிப்புக்குப் பின் சில செயலிகள் முடக்கிய இடத்திலிருந்து மறுபடி தலைதூக்குவதும் உண்டாகையால், இப்பட்டியலை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்ப்பது அவசியம். இவ்வளவையும் நமக்காகச் செய்வதாகச் சொல்லும் ‘துப்புரவு’ மென்பொருளை நிறுவுபவர், அப்பட்டியலில் இன்னும் ஒரு பெயரைத்தான் சேர்த்துக்கொள்கிறார்.

எந்த நிரலை எப்போது உறங்கவைப்பது என்பதை மனிதரைவிட இயங்குதளமே இன்று செவ்வையாகத் தீர்மானிக்கிறது; அதை அதனிடமே விட்டுவிடலாம். ஆனால் எது இங்கே குடியிருக்கத்தக்கது என்பதை எந்த இயங்குதளமும் அறிய முடியாது. தமிழ் எழுதுபவரின் விசைப்பலகை நிரல் அவருக்கு உயிர். பக்கத்து மேசைக்காரருக்கு அது வெறும் சுமை. இந்த பேதம் ப்ராசஸருக்குத் தெரியாது. கணினிக்கு உடையவர் எவரோ அவருக்கே தெரியும். அவர் தீர்மானிக்க வேண்டுமானால், ஓடுவது அனைத்தும், எந்த வாசல் வழியாக வந்ததாயினும், ஒரே இடத்தில், அவருக்குப் புரியும் பெயரோடு, நிறுத்தும் வழியோடு தென்பட வேண்டும். டாஸ் காலத்தில் ஒரு துவக்கக் கோப்பின் சில வரிகளுக்குள் பெரும்பாலும் அடங்கியிருந்த அப்பட்டியலை, அதைவிடப் பலமடங்கு ஆற்றல் பெற்ற இன்றைய கணினிகள் இன்னும் முழுமையாகத் திருப்பித் தரவில்லை.